ஒத்திகை அக்கா

"சார்... சார்... நான் தொலைஞ்சு போயிட்டேன் சார்..."

தொலைபேசியில் ஒரு பெண் விம்முகிறாள். எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பொருளாதாரப் பேராசிரியர் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்க்கிறேன்.

"எங்கேம்மா இருக்கே?"

"தெரியல சார். ஒரு பெரிய கடை இருக்கு. பக்கத்துல இன்னொரு பெரிய கடை இருக்கு."

"எல்லா ஊர்லேயும் அப்படித்தாம்மா இருக்கும்! கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார். போன்ல சார்ஜ் போகப்போகுது சார்..."

"ஏய், ஏய், வெச்சுடாதே!"

இணைப்பு அறுந்துவிடுகிறது. பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த அறையின் கதவு திறக்கிறது. நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டபடி, கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்கிறார். கண்ணில் ஒரு சொட்டு நீர் கிடையாது.

"சார், போன் கட்டாகறதுக்குள்ள நீங்க கேட்டிருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கடையோட பேரு என்னன்னு. அதை விட்டுட்டு ஊர் நியாயம் பேசுறீங்க. இன்னொரு தடவை பார்க்கலாமா?"

இவர்தான் எங்கள் அக்கா. பல்கலைக்கழகம் முழுக்க 'ஒத்திகை அக்கா' என்றால்தான் தெரியும். அவர் காதுபடவும் சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் அலுவலகம் தரைத்தளத்துத் தாழ்வாரத்தின் கடைசியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. விடுமுறைக் காலங்களில் மாணவர்களை வெளிநாட்டுக்குப் படிப்புப் பயணமாக அழைத்துப்போகும் பேராசிரியர்களுக்குத் துணைநிற்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. விமானச் சீட்டு, தங்கும் இடம், காப்பீடு, பேருந்து, அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவர், எல்லாவற்றுக்கும் மேலாக எப்போது அடித்தாலும் எடுக்கப்பட வேண்டிய ஓர் அவசரத் தொலைபேசி.

வேலை கிடைத்த புதிதில் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு இதை விளக்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கின படம் வாசல் கதவுக்கு நேரெதிரே மாட்டியிருக்கிறது. வீட்டுக்குள் வருகிற யாரும் அதிலிருந்து தப்பிக்க முடியாது. அப்பா அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏன்டா, வாத்தியாருங்களுக்குத் தனியாப் போய்ட்டு வரத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பேராசிரியர் என்றால் எனக்கு அப்போது சாமிக்கு அடுத்தபடி. வேலையில் சேர்ந்து ஒரு பருவம் முடிவதற்குள் அப்பாவின் கேள்வியை நானே தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், தெரியாது. மாணவர்களின் கடவுச்சீட்டுகளையெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரே பையில் போட்டு, அந்தப் பையைப் பத்திரமாக ஓட்டல் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, மறுநாள் பத்திரமாக வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்ட பேராசிரியரை எனக்குத் தெரியும். "நான் இல்லாத நேரத்தில் பொறுப்பு யாருக்கு?" என்று கேட்டால், "நான் எப்படி இல்லாம போவேன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மேடையில் இரண்டு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுகிறவர்களுக்கு, மாணவன் ஒருவன் வாந்தி எடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஒத்திகை அதிலிருந்துதான் பிறந்தது. அக்கா வேலைக்கு வந்த புதிதில், வெளிநாட்டில் ஒரு மாணவன் படியில் தடுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கூடப் போன பேராசிரியர் அக்காவுக்கு போன் போட்டு, ஆம்புலன்ஸ் எண் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"உங்க கழுத்துல தொங்குற அட்டையிலேயே இருக்கு சார்."

"கண்ணாடியை ரூம்ல வெச்சுட்டேம்மா."

"பக்கத்துல மாணவர்கள் இருக்காங்களா சார்?"

"எல்லாரும் இருக்காங்க."

"அவங்க யாரையாவது படிக்கச் சொல்லுங்க சார்!"

"அட, ஆமா."

அன்றைக்குத்தான் அக்கா முடிவு செய்தாராம், இவர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்துப் பயனில்லை என்று. பயணத்துக்கு முன் ஒவ்வொரு பேராசிரியரும் எங்கள் முன்னறையில் உட்கார வேண்டும். அடுத்த அறையிலிருந்து அக்கா கூப்பிடுவார். தொலைந்துபோன மாணவியாக, அறை தர மறுக்கும் ஓட்டல் மேலாளராக, மகள் போன் எடுக்கவில்லை என்று கொதிக்கும் தகப்பனாக. கல்லூரி நாடகங்களில் அக்காதான் எப்போதும் முக்கிய வேஷம் என்று கேள்வி. தகப்பன் குரலில் அவர் ஒருமுறை "என் பொண்ணு எங்கய்யா?" என்று உறுமியதில், தத்துவப் பேராசிரியர் ஒருவர் எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் பயணமே வேண்டாம் என்று போய்விட்டார்.

"நல்லதாப் போச்சு," என்றார் அக்கா. "அங்கே போய் எழுந்து நிக்கறதுக்கு இங்கேயே நின்னுட்டாரு."

அந்த வருஷம் மண்ணியல் துறையின் பயணத்துக்கு அக்காவின் மகள் தேர்வானாள்.

அவள் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியம் எங்கள் முன்னறைக்கு வந்து, தன் அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்று, "மேடம், என் விண்ணப்பம்," என்றாள். அக்கா வாங்கிப் பார்த்து, "புகைப்படம் இன்னொண்ணு வேணும்மா," என்றார். "நாளைக்குக் கொண்டு வந்து தரேன் மேடம்." போய்விட்டாள். வீட்டில் ஒரே தட்டில் பங்குபோட்டுச் சாப்பிடுகிறவர்கள். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னக்கா இது, நாடகமா?"

"வாக்கு வாங்கிட்டா தம்பி. பயணம் முடிஞ்சு வீடு வர்ற வரைக்கும் நான் அவளுக்கு அம்மா இல்ல. மேடமாம். போன் பண்ணக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது, கூட்டிட்டுப் போற சார்கிட்ட அவ பேரைக்கூட எடுக்கக் கூடாது. மீறினா இனிமே என்கிட்ட எதையுமே சொல்ல மாட்டாளாம். பரீட்சையில ஃபெயில் ஆனாக்கூட சொல்ல மாட்டாளாம்."

"அப்படி என்ன பண்ணிட்டீங்க அவளை?"

அக்கா கொஞ்சநேரம் பேனாவைத் திறந்து மூடினார். பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றின்போது, ஆசிரியைக்கு ஓயாமல் போன் அடித்திருக்கிறார். எரிச்சலின் உச்சத்தில் அந்த ஆசிரியை, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சத்தமாக, "உங்கம்மா கேக்குறாங்க, ஸ்வெட்டர் போட்டியா?" என்று கேட்டுவிட்டார். பள்ளியை விட்டு வெளியே வரும்வரை அவளுக்கு 'ஸ்வெட்டர்' என்றுதான் பெயர்.

"குளிர் பிரதேசம் தம்பி அது," என்றார் அக்கா, இன்னமும் தன் பக்கத்து நியாயத்தை விடாமல்.

மண்ணியல் பயணத்துக்குத் தலைவர், மாணவர்கள் 'பாறை சார்' என்று கூப்பிடும் பேராசிரியர். படித்தது பாறைகளைத்தான். அதற்காக மனிதர் அப்படியே ஆகிவிட வேண்டுமா? உயரமானவர், சிரித்தமுகம், எல்லோருக்கும் நல்லவர், எதற்கும் அசைய மாட்டார். ஒத்திகைக்கு முதல் தேதி கொடுத்தோம். ஆய்வகத்தில் வேலை என்றார். அடுத்த தேதிக்குப் பல்வலி. அதற்கடுத்த தடவை தாழ்வாரம் வரை வந்தவர், அக்காவைப் பார்த்ததும் போன் வந்ததுபோல் காதில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கையில் போனே இல்லை.

அக்கா நேரே அவர் அறைக்கே போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"மேடம், இருபது வருஷமா பசங்களைக் காடு மேடெல்லாம் கூட்டிட்டுப் போறேன். ஒருத்தனையாவது தொலைச்சிருக்கேனா?"

"அது உள்ளூர் சார். தொலைஞ்சாலும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவான்."

"பாறை எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான் மேடம்."

"பாறை தொலையாது சார். பசங்கதான் தொலைவாங்க."

அவர் ஹா ஹா என்று சிரித்தார். அவ்வளவுதான். எங்கள் பிரிவின் இயக்குநரிடம் போய் முறையிட்டோம். "பெரியவர், விட்டுடுங்க," என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மற்ற பயணமாக இருந்தால் அக்கா இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார். இது மற்ற பயணம் இல்லையே. சொந்த மகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்க முடியாதபடி வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவளை அழைத்துப் போகிறவரோ ஒத்திகைக்கு வராதவர். அந்தக் கொதிப்பெல்லாம் ஒரே வழியில் வெளியேறியது. அறைக்கு வராத ஆளுக்கு, அவர் இருக்கும் இடத்துக்கே ஒத்திகையை அனுப்ப ஆரம்பித்தார்.

பேராசிரியர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார், 'மாணவி' அழுவாள். கூட்டத்தில் இருப்பார், 'தகப்பன்' உறுமுவார். முதலில் சிரித்தவர் பிறகு, "மேடம், நீங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைக்க ஆரம்பித்தார். என் போனிலிருந்து அடித்தார் அக்கா. பிறகு ஜெனரேட்டர் அறைக்காரர் போனிலிருந்து.

"அக்கா, போதும். அவருக்கு மரத்துப்போச்சு," என்றேன்.

"மரத்துப்போனா நல்லதுதான் தம்பி. பதறாம பதில் சொல்லுவாரு."

நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

குழு கிளம்பிப்போன அன்று அக்கா வழியனுப்பப் போகவில்லை. வேன் வளாகத்தை விட்டு வெளியேறும்போது ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். கடைசி வரிசையில் மகள் இருந்தாள். எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "பார்த்தியா, திரும்புறாளான்னு," என்றார். பிறகு அவசரத் தொலைபேசியை எடுத்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார். அடுத்த அரை மணிக்குள் மறுபடியும் சோதித்தார்.

பயணத்தின் பாதி நாட்கள் போய்விட்டன. எந்தச் செய்தியும் இல்லை. செய்தி இல்லாததே அக்காவை அரித்தது. ஒருநாள் காலை, நான் தேநீர் வாங்கப் போயிருந்த நேரத்தில், அந்த நாட்டு ஓட்டலின் வரவேற்பறையை அழைத்து, அங்கே இருந்தவரைப் பேசி மயக்கி, அவர்கள் எண்ணிலிருந்தே பாறை சாருக்கு இணைப்புக் கொடுக்கச் செய்திருக்கிறார். குழுவில் ஒரு பையனின் பெயரைச் சொல்லி, "அவனைக் காணோம் சார், நான் அவன் ஃப்ரெண்ட்," என்று அழுதிருக்கிறார். பேருந்தில் இருந்த பாறை சார் வண்டியை நிறுத்தி, பதறிப்போய், அந்தப் பையன் பெயரைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார். அவன் முன்சீட்டிலேயே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தானாம். பேருந்தே சிரித்ததாம்.

"சரியாத்தான் செஞ்சாரு," என்றார் அக்கா, திருப்தியோடு. "வண்டியை நிறுத்தினாரு, பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. பாஸ்."

"ஊருக்கு நடுவுல அவரை அசிங்கப்படுத்திட்டீங்கக்கா."

"கத்துக்கிட்டாரு இல்ல?"

கற்றுக்கொண்டார்தான். என்ன கற்றுக்கொண்டார் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து டப்பாக்களைக் கழுவி வைத்திருந்தோம். அவசரத் தொலைபேசி அடித்தது. அந்த நாட்டு எண். அக்கா எடுத்து, என் பக்கமும் கேட்கட்டும் என்று பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம், பயணப் பிரிவு."

"மேடம், நான் மண்ணியல் குழு மாணவி பேசறேன்."

அக்காவின் கை அப்படியே நின்றது. எனக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? அடுத்த அறையிலிருந்து நான் இத்தனை நாள் கேட்ட அதே குரல். அந்த இழுவைகூட அதேதான். அதுவரை எனக்கு இது தோன்றியதே இல்லை; அக்காவுக்கும் தோன்றியிருக்காது.

"சொல்லுங்கம்மா," என்றார் அக்கா. குரல் தடுமாறவில்லை. "எங்கே இருக்கீங்க?"

"குவாரிப் பக்கத்துல ஒரு கல் மியூசியம் மேடம். பாத்ரூம் போய்ட்டு வந்தேன், பஸ் போயிடுச்சு. என் போன் பஸ்ல சார்ஜ்ல இருக்கு. டிக்கெட் கவுண்ட்டர் அம்மாகிட்ட போன் வாங்கிப் பேசறேன். கழுத்து அட்டையில சார் நம்பரும் உங்க நம்பரும்தான் இருந்துச்சு."

"மியூசியம் பேரு?"

சொன்னாள். என்ன சட்டை என்று கேட்டதும் நீலம் என்றாள். அக்கா இரண்டையும் குறித்துக்கொண்டார்.

"சாருக்குக் கூப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "கூப்பிட்டேன் மேடம். நான் தொலைஞ்சு போயிட்டேன்னு சொன்னேன். 'நடிப்பு பிரமாதம் மேடம், உள்ளூர் நம்பரெல்லாம் பிடிச்சுட்டீங்களே'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. திரும்ப அடிச்சா எடுக்க மாட்டேங்கிறாரு."

அக்கா கண்ணை மூடினார். திறந்தார்.

"மியூசியம் எப்போ மூடுவாங்க?"

"இப்போவே கதவெல்லாம் சாத்துறாங்க மேடம். இருட்டிட்டு வருது. மழை தூறுது. இங்கே வேற வண்டியே கிடையாதாம்."

"அந்த அம்மா பக்கத்துலயே நில்லுங்க. எங்கேயும் நகரக் கூடாது. நான் பஸ்ஸைத் திருப்புறேன்." அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "ஸ்வெட்..."

"மேடம்!" என்றாள் அவள்.

"சரி, சரி. நில்லுங்க."

பயணத் திட்டம் சுவரில் ஒட்டியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். குவாரியிலிருந்து பேருந்து போகும் பாதையில் ஓர் ஆறு. வண்டியை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் படகு. அது அன்றைக்குக் கடைசிப் படகு. பேருந்து அதில் ஏறிவிட்டால் மறுநாள் காலை வரை திரும்பி வர வழியில்லை.

அக்கா அடித்தார். பாறை சார் எடுக்கவில்லை. என் போனிலிருந்து அடித்தார். எடுக்கவில்லை. பேருந்து நிறுவனத்துக்கு நான் அடித்தேன். இசை போட்டார்கள், இசையை மட்டுமே போட்டார்கள். ஜெனரேட்டர் அறைக்காரர் எங்கே என்று பார்த்தால் ஆள் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் இயக்குநர் அறைத் தொலைபேசியிலிருந்து அடித்ததும் பாறை சார் எடுத்தார். அங்கே இயக்குநர் தன் நாற்காலியில் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்க, அக்கா எனக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்திவிட்டு, அவர் மேசைமேல் குனிந்து பேசினார்.

"சார், நான் பயணப் பிரிவிலிருந்து பேசறேன். இது ஒத்திகை இல்ல. ஒரு பொண்ணை மியூசியத்துல விட்டுட்டீங்க."

"வாங்க மேடம்! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தோம். பசங்களா, அமைதி, அமைதி. மேடம் லைன்ல இருக்காங்க. இருங்க மேடம், ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாரும் கேக்கட்டும்."

பேருந்தின் இரைச்சலும் பிள்ளைகளின் சிரிப்பும் இயக்குநர் அறை முழுக்க நிறைந்தன.

"சார், விளையாடாதீங்க. வண்டியை நிறுத்துங்க. தலையை எண்ணுங்க."

"கிளம்பறப்பவே எண்ணிட்டேன் மேடம். சரியா இருக்கு. உங்க ஒத்திகைக்கு வராட்டியும் எண்ணத் தெரியும் எனக்கு."

"பஸ்ல வேற யாராவது ஏறினாங்களா?"

"யார் ஏறுவாங்க? அந்த ஊர் வழிகாட்டிப் பையன் மட்டும் படகுத்துறை வரைக்கும் வரேன்னான்."

அக்கா மேசையில் ஓங்கி அடித்தார். இயக்குநரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. "அவனையும் சேர்த்து எண்ணிட்டீங்க சார்! உங்க குழுவில அந்த நீலச் சட்டைப் பொண்ணு இருக்காளான்னு பாருங்க!"

"இப்படித்தான் முந்தாநாள் ஒரு பேரைச் சொன்னீங்க. நான் பைத்தியக்காரன் மாதிரி கத்தினேன். அவன் வாழைப்பழம் தின்னுட்டு இருந்தான்." பின்னால் பெருஞ்சிரிப்பு. "இன்னைக்கு நீலச் சட்டையா? மேடம், கொஞ்ச நேரம் முன்னாடி அழுதீங்களே, அது நீங்கதான். உங்க குரல் எனக்குத் தெரியாதா? எத்தனை நாளா கேக்கறேன்! சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன், அது உங்க குரல்தான்."

"சார், படகுத்துறை வந்துடுச்சு," என்று யாரோ பின்னாலிருந்து சொல்வது கேட்டது.

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் திறந்தது, மூடியது. ஸ்பீக்கர் போட்டிருக்கிறது. சிரிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் மகளின் வகுப்புத் தோழர்கள். அவள் இத்தனை நாள் 'மேடம், மேடம்' என்று சொல்லிக் காப்பாற்றிய ஒன்று அந்தப் பேருந்துக்குள் அப்படியே கொட்டிவிடும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நடந்தது மறுபடியும், அதே அம்மாவால்.

"சார்," என்றார் அக்கா. குரல் தணிந்திருந்தது. "அது என் குரல் இல்ல. என் பொண்ணோட குரல். என் வயித்துல பொறந்தவ, அதனால அப்படித்தான் இருக்கும். உங்க குழுவிலதான் வந்திருக்கா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருந்தா. இப்போ மழையில நிக்கறா. வண்டியைத் திருப்புங்க."

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தில்: "ஐயோ, சார், என் பக்கத்து சீட்டு காலி. அவ போன் மட்டும் இங்கே இருக்கு."

"டிரைவர்!" என்று பாறை சார் கத்தினார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. "திருப்பு! திருப்பு!"

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, இயக்குநரின் எதிரே இருந்த நாற்காலியில், யாரும் உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தார். இயக்குநர் தன் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். "உங்க பொண்ணுன்னு எனக்கும் தெரியாதேம்மா," என்றார்.

எங்கள் அறைக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தோம். அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டார், பாறை சாரைத் திட்டினார், வழிகாட்டிப் பையனைத் திட்டினார். "முந்தாநாள் அந்த ஒரு போன் பண்ணாம இருந்திருக்கலாம் இல்ல?" என்று என்னைக் கேட்டார். நான் "ஆமா" என்று சொன்னதும், "நீ ஒண்ணும் சொல்லாதே," என்றார்.

கடைசியில் தொலைபேசி அடித்தது.

"மேடம், பஸ் வந்துடுச்சு."

"சரிம்மா." அக்கா பெருமூச்சை விழுங்கிக்கொண்டார். "நனைஞ்சிட்டீங்களா?"

"கொஞ்சம்தான். மேடம், சார் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழறாரு. எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

அக்கா பேனாவைத் திறந்து மூடினார்.

"ஸ்பீக்கர்லயா?" என்றாள் அவள்.

"ஸ்பீக்கர்லதான்."

இணைப்பு அறுந்தது.

குழு திரும்பி வந்தது. மகள் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், வம்புக்குப் போகாத மனிதர். வீட்டுக்குள் தூது போகும் வேலை அவர் தலையில் விழுந்தது. "உங்கம்மா உப்பு கேக்கறா," "உங்க பொண்ணு உப்பு அங்கேயே இருக்குங்கறா" என்று அவர் இரண்டு பக்கமும் நடந்து ஓய்ந்துபோனார். சொன்னபடியே மகள் தன் பரீட்சை முடிவுகளைக்கூட அம்மாவிடம் சொல்லவில்லை. நல்ல மதிப்பெண்தான். அதுவும் கணவர் வழியாகத்தான் வந்தது.

"பெத்த பொண்ணோட மார்க்கை மூக்குக்கண்ணாடிக் கடையில போய் விசாரிக்க வேண்டியிருக்கு தம்பி," என்றார் அக்கா.

அலுவலகத்தில் அவர் தானாகவே ஒரு விதி போட்டார். ஒத்திகை இந்த இரண்டு அறைகளுக்குள் மட்டும். வெளியே யாரும், எந்தக் காரணத்துக்கும், பொய்யாகக் கூப்பிடக் கூடாது. கீழே கையெழுத்துப் போட்டு, தன் மேசைக்கு எதிரே தானே ஒட்டிக்கொண்டார்.

பாறை சார் திருந்தினார் என்று நீங்கள் நினைத்தால், பேராசிரியர்களை உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அவர் போகிற இடமெல்லாம், வெளிநாட்டில் ஒரு மாணவி தொலைந்தபோது தான் பதறாமல் வண்டியைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய பேராசிரியர்களுக்கான கூட்டத்தில் இயக்குநர் அவரையே 'அனுபவம் பேசுகிறது' என்று பேச வைத்தார். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். சத்தம் எனக்குக் கேட்டது.

ஆனால் ஒன்று. அந்த வருஷம் ஒத்திகைக்கு அவர் முதல் தேதியிலேயே வந்துவிட்டார். சொல்லப்போனால், கொடுத்த நேரத்துக்கு முன்னாலேயே. வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ம், ஆரம்பிங்க," என்றார்.

அக்கா அடுத்த அறைக்குப் போனார். உள்ளே மகள் இருந்தாள். வீட்டுச் சாவியை மறந்துவிட்டதால் அம்மாவிடம் வாங்க வந்ததாகச் சொன்னாள். அவள் கழுத்திலேயே சாவி தொங்கியதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். மகள் ரிசீவரைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "நான் பேசறேன். எனக்குத்தான் அனுபவம் இருக்கு," என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவின் வழியாக இல்லாமல் அம்மாவிடம் அவள் நேராகப் பேசியது அதுதான்.

அக்கா கதவோரம் நகர்ந்து நின்றார். நான் நடுக்கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தேன்.

முன்னறையில் மணி அடித்தது. பாறை சார் எடுத்தார்.

"சார்... நான் தொலைஞ்சு போயிட்டேன் சார்..."

பாறை சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. இடத்தின் பெயரைக் கேட்கவில்லை, யார் கூட இருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் யோசித்து வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. முதல்ல சொல்லு, உங்கம்மா யாரு?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு கதவைத் தள்ளப் போனார். அதற்குள் மகள் ரிசீவரை வாயருகே கொண்டுபோனாள். முன்னறையில் பாறை சாரோடு, தங்கள் முறைக்காகக் காத்திருந்த இன்னும் இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம்தான் சார் எங்கம்மா. இதோ, பக்கத்துல நின்னு முறைச்சுட்டு இருக்காங்க."

"போச்சு," என்றார் அக்கா. "ஒத்திகையையே கெடுத்துட்டா." கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக் கண்ணில் மாட்டிக்கொண்டார். பிறகு அதைக் கழற்றி, புடவைத் தலைப்பால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.